உருக்கிய ரூபாயும் கட்டிய பந்தயமும்

1

ரக்பியைப் பற்றித் தமிழில் எழுதப் புகும்போது ஒரு தயக்கம் நமக்கு ஏற்படுவது இயல்பே. கிரிக்கெட்டைப் போல அது நம் தெருமுனைக்கு வந்து சேரவில்லை. கால்பந்தைப் போல நம் மைதானங்களில் வேரூன்றவும் இல்லை. முட்டை வடிவப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடும் முப்பது பேரைத் தொலைக்காட்சியில் கண்டதும் வேறு அலைவரிசைக்குத் தாவிவிடுகிறவர்களே நம்மில் அதிகம். ஆயினும் இந்த ஆட்டத்தின் மிகப் பழைய சர்வதேசக் கோப்பை நம் நாட்டு நாணயத்தை உருக்கிச் செய்யப்பட்டது என்ற செய்தி, நம்மைச் சற்றே நின்று பார்க்க வைக்கிறது.

1872ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று கல்கத்தாவில் இங்கிலாந்துக்காரர்கள் ஒரு பக்கமும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டவர் மறுபக்கமுமாக ரக்பி ஆடினார்கள். அந்த உற்சாகத்தில் அடுத்த மாதமே கல்கத்தா ஃபுட்பால் கிளப் தோன்றிற்று. (பெயர் குழப்ப வேண்டாம். அக்காலத்தில் ரக்பியும் ஃபுட்பால் என்றே வழங்கிற்று.) ஆனால் வங்காளத்து வெயிலுக்கு இந்த முரட்டு ஆட்டம் ஒத்துவரவில்லை. ஆட்டக்காரர்களைத் தந்த படைப்பிரிவு ஊர் மாறிப் போயிற்று. போலோவும் டென்னிசும் எஞ்சியவர்களை இழுத்துக்கொண்டன. கிளப்பில் இலவச மது நின்ற பிறகுதான் உறுப்பினர் தொகை சரிந்தது என்று குறும்பாகச் சொல்பவர்களும் உண்டு. 1878இல் கிளப்பை மூட முடிவெடுத்தபோது வங்கியில் மிச்சமிருந்த பணத்தை 270 வெள்ளி ரூபாயாக எடுத்தார்கள். அதை உருக்கிக் கோப்பை ஒன்று செய்வித்து, இலண்டனிலிருந்த ரக்பி ஃபுட்பால் யூனியனுக்கு அனுப்பிவைத்தார்கள். மூன்று ராஜநாகங்கள் அதன் கைப்பிடிகள். மூடியின் மேல் ஒரு யானை. கல்கத்தா கோப்பை என்று பெயர். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் மோதும் ஆட்டத்தின் பரிசு இன்றும் அதுவே. 1879இல் எடின்பரோவில் அதற்காக நடந்த முதல் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

இக்கோப்பையை நாம் கட்டுரையின் வாசலில் நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. அந்தக் கல்கத்தாக்காரர்கள் பணத்தை ஆட்டமாக மாற்றினார்கள். உருக்கிய ரூபாய் மறுபடி ரூபாயாகாது. அதைக் கொண்டு எதையும் வாங்க இயலாது. பந்தயம் என்பது இதற்கு நேர் எதிரான வேலை. அது ஆட்டத்தைப் பணமாக மாற்றுகிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கு நாடுகளோடு 1883இல் தொடங்கி, 1910இல் பிரான்ஸ் சேர்ந்து ஐந்தாகி, 2000இல் இத்தாலி சேர்ந்து ஆறாகி, இன்று சிக்ஸ் நேஷன்ஸ் என வழங்கும் சாம்பியன்ஷிப்பின் வரலாற்றில் இவ்விரு வேலைகளும் அருகருகே நடந்து வந்திருக்கின்றன. அந்த உறவின் கதையைத்தான் இங்கே சொல்ல முயல்கிறோம்.

2

கிரிக்கெட்டோடு ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். 1774 பிப்ரவரியில் இலண்டன் பால் மால் தெருவிலிருந்த ஸ்டார் அண்ட் கார்ட்டர் விடுதியில் கனவான்கள் கூடிக் கிரிக்கெட்டின் சட்டங்களைத் திருத்தி எழுதினார்கள். மட்டையும் பந்தும் பற்றிய விதிகளோடு பந்தயம் பற்றிய விதிகளையும் சேர்த்தே எழுதினார்கள். ஒருவர் எடுக்கும் ஓட்டங்களை இன்னொருவர் எடுக்கும் ஓட்டங்களோடு பொருத்திப் பந்தயம் வைத்தால் இரண்டு இன்னிங்ஸும் கணக்கில் சேருமா என்பது வரைக்கும் அதில் விடை உண்டு. பணம் வைத்தவர்களுக்குள் தகராறு வரக்கூடாது என்பது, ஆட்டச் சட்டங்கள் எழுத்தில் ஏறியதற்கான காரணங்களுள் ஒன்று.

ரக்பியின் பிறப்பு வேறு. 1845இல் ரக்பி பள்ளி மாணவர்கள் தங்கள் ஆட்டத்துக்கு விதிகள் எழுதியபோது அவர்கள் மனத்தில் பந்தயம் இல்லை. 1871 ஜனவரி 26 அன்று ரக்பி ஃபுட்பால் யூனியன் உருவானதும் ஓர் உணவகத்தில்தான். அதன் பெயரும் பால் மால்! ஒரே பெயர், இடையில் 97 ஆண்டுகள், இரண்டு வேறு உலகங்கள்.

இரண்டு மாதம் கழித்து, மார்ச் 27 அன்று, எடின்பரோவின் ரேபர்ன் பிளேஸ் மைதானத்தில் அணிக்கு இருபது பேராக முதல் சர்வதேச ஆட்டம் நடந்தது. ஸ்காட்லாந்து வென்றது. ஆனால் அதன் முதல் டிரை செல்லுமா என்பதில் இங்கிலாந்து அணிக்குக் கடும் ஆட்சேபம் இருந்தது. தீர்ப்பு வழங்கிய நடுவர்களுள் ஒருவர் எச். எச். ஆல்மண்ட் என்ற பள்ளித் தலைமையாசிரியர். உண்மை எது என்று நடுவருக்கே தெரியாதபோது அதிகம் கூச்சலிடுகிற அணிக்கு எதிராகத் தீர்ப்பளிப்பதே சரி என்று அவர் பின்னாளில் எழுதினார். தலைமையாசிரியருக்குரிய நீதி அது. புக்கி ஒருவர் இதைக் கேட்டிருந்தால் கடையைக் கட்டியிருப்பார்.

தகராறு அதோடு நிற்கவில்லை. 1884இல் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடந்த ஆட்டத்தில் ஒரு டிரை பற்றி எழுந்த சண்டையில் அடுத்த ஆண்டு அவ்விரு நாடுகளும் மோதவே இல்லை. 1888, 1889 ஆண்டுகளில் இங்கிலாந்து சாம்பியன்ஷிப்பில் கலந்துகொள்ளவில்லை. மத்தியஸ்தர்கள் வைத்துப் பேசி விவகாரம் தீர 1890 ஆயிற்று. முடிவே இன்னதென்று ஆண்டுக்கணக்கில் தெரியாத ஆட்டத்தின் மீது பணம் கட்டியவன் யாரிடம் போய்க் கேட்பான்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தச் சாம்பியன்ஷிப்புக்கு 1993 வரை கோப்பை என்று ஒன்று கிடையாது. 110 ஆண்டுகள்! வெற்றிப் பட்டியலைச் செய்தித்தாள்கள் போட்டுக்கொண்டன; ஊரார் பேசிக்கொண்டார்கள். இரு அணிகள் சமமாக நின்றால் பட்டம் இருவருக்கும் பொது. யார் பெரியவர் என்று மேலும் துருவிப் பார்க்க வேண்டிய அவசியம் ஒருவருக்கும் தோன்றவில்லை.

3

இந்தப் பெருந்தன்மைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதை மறைத்துவிட்டால் நாம் எழுதுவது வரலாறாகாது.

ரக்பியின் தலைவர்கள் பணத்தை வெறுத்தார்கள் என்பது உண்மை. அதே அளவுக்கு, பணம் தேவைப்பட்டவர்களையும் வெறுத்தார்கள். வட இங்கிலாந்தின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தவர்கள் சனிக்கிழமை ஆட வேண்டுமானால் அன்றைய கூலியை இழக்க வேண்டும். அந்த இழப்புக்கு ஆறு ஷில்லிங் ஈடு தரலாம் என்ற யோசனையை 1893இல் யூனியன் தோற்கடித்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடபுலத்துக் கிளப்புகள் பிரிந்து சென்றன. ரக்பி லீக் என்ற தனி ஆட்டம் அந்தப் பிரிவின் குழந்தை. வேல்ஸின் பெருவீரர் ஆர்தர் கோல்டுக்கு 1897இல் பொதுமக்கள் சந்தா திரட்டி ஒரு வீடு வாங்கிக் கொடுத்தபோது, அது தொழில்முறை ஆட்டம் ஆகாதா என்று பெரும் புயல் எழுந்தது. வேல்ஸ் சர்வதேசக் கழகத்திலிருந்தே சிறிது காலம் விலகி நின்றது. பிரான்ஸ் தன் ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருகிறது என்ற குற்றச்சாட்டு, மைதானத்து வன்முறை பற்றிய புகாரோடு சேர்ந்து, 1931க்குப் பின் அந்நாட்டைச் சாம்பியன்ஷிப்பிலிருந்து வெளியேற்றியது. மீண்டும் அது சேர்ந்தது 1947இல்தான்.

பார்வையாளர்களின் பந்தயத்தைச் சட்டம் நடத்திய விதமும் இதே வர்க்கக் கோட்டின்படிதான் அமைந்தது. 1845ஆம் ஆண்டின் சட்டப்படி பந்தயக் கடனை நீதிமன்றத்தில் வசூலிக்க இயலாது. அது மானக் கடன், கனவான்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியது. 1853ஆம் ஆண்டின் சட்டம் ரொக்கம் வாங்கிப் பந்தயம் நடத்தும் கடைகளைத் தடை செய்தது. 1906ஆம் ஆண்டின் சட்டம் தெருவில் பந்தயம் வாங்குவதையும் குற்றமாக்கியது. ஆனால் புக்கியிடம் கணக்கு வைத்துத் தந்தியிலோ தொலைபேசியிலோ கடனுக்குப் பந்தயம் கட்டுவதற்குத் தடையில்லை. கணக்கு யாருக்குக் கிடைக்கும்? வங்கியும் முகவரியும் உள்ளவர்க்கு. சட்டைப் பையில் இரண்டு ஷில்லிங் வைத்திருந்த சுரங்கத் தொழிலாளி அதே பந்தயத்தைக் கட்டினால் குற்றவாளி.

எனவே தொழிலாளர் குடியிருப்புகளில் வேறொரு ஏற்பாடு வளர்ந்தது. புக்கியின் ஆள் மதுக்கடை வாசலிலும் ஆலைக் கதவருகிலும் துண்டுச் சீட்டுகளை வாங்கிக்கொண்டு போவான். கடிகாரம் பொருத்திய ஒரு தோல் பை அவனிடம் இருக்கும். பூட்டிய நேரத்தை அக்கடிகாரம் காட்டிவிடும் என்பதால், முடிவு தெரிந்த பிறகு சீட்டை உள்ளே திணிக்க முடியாது. பெரும்பகுதிப் பணம் குதிரைக்கும் நாய்ப்பந்தயத்துக்கும்தான் போயிற்று. ரக்பிக்கு அந்த ஓடையில் ஒரு சிறு கிளையே கிடைத்தது.

அயர்லாந்தின் நிலை விநோதமானது. நாடு பிரிந்த பின்னும் ரக்பி அணி மட்டும் முழுத் தீவுக்கும் ஒன்றாகவே இருந்தது. 1954 வரை டப்ளினிலும் பெல்ஃபாஸ்டிலும் அது சொந்த மண் ஆட்டங்களை ஆடியது. ஆனால் தெற்கில் 1926ஆம் ஆண்டின் சட்டம் பந்தயக் கடைகளை அனுமதித்துவிட்டது. பிரிட்டனில் அத்தகைய கடைகள் திறக்க 1961 மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவற்றையும் வேண்டுமென்றே அழகற்றவையாக வைத்தார்கள். உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாத சன்னல்கள், உட்கார வசதியின்மை. அச்சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் பட்லர், அக்கடைகளை இயன்ற அளவு சோகமாக்குவதில் நாடாளுமன்றம் காட்டிய அக்கறையைப் பின்னாளில் தம் நினைவுக் குறிப்பில் நொந்துகொண்டார். தொலைக்காட்சிப் பெட்டி பந்தயக் கடைக்குள் நுழைந்தது 1986இல்.

4

சொற்களில் ஆர்வமுள்ள வாசகர்களுக்காக இங்கே சிறிது விலகிச் செல்கிறோம்.

பணத்தை வாசலிலேயே நிறுத்திய இந்தச் சாம்பியன்ஷிப், தன் பெருமைக்குரிய சொற்களைச் சீட்டாட்ட மேசையிலிருந்தும் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் கடன் வாங்கியிருக்கிறது. எல்லா நாடுகளையும் வெல்வது ‘கிராண்ட் ஸ்லாம்’. எல்லாப் பிடிகளையும் ஒருவரே எடுப்பதற்குச் சீட்டாட்டத்தில் வழங்கும் பெயர் அது. நான்கு பழைய அணிகளுள் ஒன்று மற்ற மூன்றையும் வெல்வது ‘டிரிபிள் கிரௌன்’. மூன்று பெரிய குதிரைப் பந்தயங்களையும் வெல்லும் குதிரைக்கு ஏற்கெனவே வழங்கிய பட்டம் அது. கடைசியாக வரும் அணிக்கு ‘மரக்கரண்டி’. இது மட்டும் கேம்பிரிட்ஜின் கொடை. அங்கே கணிதத் தேர்வின் சிறப்புப் பட்டியலில் கடைசி இடம் பெற்றவருக்கு 1909 வரை உண்மையாகவே ஒரு மரக்கரண்டியைக் கொடுத்துக் கேலி செய்வார்கள். ரக்பியில் கரண்டி என்று எதுவும் கொடுப்பதில்லை. ஆனால் அந்த இல்லாத கரண்டி யாருக்கு என்பதிலும் பந்தயம் கட்டலாம்!

‘டிரை’ என்ற சொல்லும் சுவையானது. முயற்சி என்பது அதன் பொருள். ஆதியில் எதிரியின் எல்லைக் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் ஊன்றுவதற்கு மதிப்பெண் எதுவும் இல்லை. கம்பத்தை நோக்கி ஒரு முறை பந்தை உதைத்துப் பார்க்கும் உரிமை மட்டுமே அதனால் கிட்டும். அந்த முயற்சி வெறும் வாய்ப்பாக இருந்து, பிறகு புள்ளியாக மாறி, 1893 வாக்கில் 3, 1971இல் 4, 1992இல் 5 என வளர்ந்தது. டிரைக்குப் பின் உதைக்கும் கன்வர்ஷன் வென்றால் மேலும் 2.

பந்தயக்காரர்களின் தலையாய சொல்லான ‘ஹேண்டிகாப்’, ‘தொப்பிக்குள் கை’ என்ற பொருளில் தோன்றியது. இருவர் பொருள்களை மாற்றிக்கொள்ள விரும்பும்போது, எது எவ்வளவு உயர்ந்தது என்று நடுவர் ஒருவர் மதிப்பிடுவார். அதை ஏற்பதையோ மறுப்பதையோ தொப்பிக்குள் விட்ட கையைத் திறந்தோ மூடியோ காட்டித் தெரிவிக்க வேண்டும். அந்தப் பண்டமாற்று விளையாட்டின் பெயர் வலிய குதிரையின் முதுகில் எடை ஏற்றிச் சமன்செய்யும் முறைக்குப் போய், அங்கிருந்து ரக்பிக்கும் வந்தது. இங்கிலாந்துக்கும் இத்தாலிக்கும் ஆட்டம் என்றால் யார் வெல்வார் என்று கேட்பதில் பந்தயக்காரனுக்குச் சுவையில்லை. எத்தனை புள்ளி வித்தியாசம் என்று கேட்டால்தான் சுவை. ஆகவே வலிய அணியின் கணக்கிலிருந்து 12 என்றோ 20 என்றோ முன்கூட்டியே கழித்துவிடுவார்கள்.

5

இனி புக்கியின் கணக்கு. கழித்த பிறகு இரு பக்கமும் சமம் என்று அவர் எண்ணினால், 11 பவுண்டு கட்டினால் 10 பவுண்டு இலாபம் என்று இரு பக்கத்துக்கும் ஒரே விகிதம் சொல்வார். ஒருவர் இந்தப் பக்கம் 110 பவுண்டும், மற்றொருவர் அந்தப் பக்கம் 110 பவுண்டும் கட்டுகிறார்கள் என்று கொள்வோம். வந்தது 220. வென்றவருக்குக் கட்டிய 110 பவுண்டும் இலாபம் 100 பவுண்டுமாக 210 போகும். யார் வென்றாலும் 10 பவுண்டு புக்கியிடம் தங்கிவிடும். பணம் இரு பக்கமும் ஒத்து விழுந்தால், தரகு வாங்கும் வணிகருக்குரிய நிம்மதியோடு அவர் ஆட்டத்தைப் பார்க்கலாம்.

இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆட்டத்துக்கு ஒரே ஒரு விடை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்னாகும் என்பதை 1973ஆம் ஆண்டு காட்டியது.

அதற்கு முந்தைய ஆண்டு வட அயர்லாந்தின் கலவரச் சூழல் காரணமாக ஸ்காட்லாந்தும் வேல்ஸும் டப்ளினுக்கு வர மறுத்துவிட்டன. 1972ஆம் ஆண்டின் சாம்பியன்ஷிப் முடிவு பெறவே இல்லை. 1973இல் இங்கிலாந்து டப்ளினுக்கு வந்தது, 18-9 என்று தோற்றது. நாங்கள் ஆட்டத்தில் சுமாராக இருக்கலாம், ஆனால் சொன்ன இடத்துக்கு வந்துவிடுவோம் என்ற பொருளில் அதன் தலைவர் ஜான் புல்லின் விருந்தில் பேசியது அயர்லாந்து மக்களால் மறக்கப்படவில்லை.

அந்த ஆண்டு பத்து ஆட்டங்கள். பத்திலும் சொந்த மண்ணின் அணியே வென்றது. ஒவ்வோர் அணிக்கும் சொந்த மண்ணில் இரண்டு ஆட்டம், வெளியில் இரண்டு ஆட்டம் என்பதால் ஐந்து நாடுகளும் இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. ஐந்துக்கும் நான்கு புள்ளி. பட்டம் ஐவருக்கும் பொதுவாயிற்று! கடைசி ஆட்டத்தில் அயர்லாந்து பிரான்ஸை 6-4 என்று வென்றது. பிரான்ஸின் நான்கு புள்ளிகள் ஒரு டிரையால் வந்தவை. அதற்கான கன்வர்ஷன் மட்டும் கம்பங்களுக்கு நடுவே சென்றிருந்தால் 6-6 என்று சமனாகி, பிரான்ஸ் தனியாகச் சாம்பியன் ஆகியிருக்கும். ஓர் உதை தவறியதால் ஐவர் முடி சூடினார்கள்.

பல அணிகள் சமமாக நின்றால் கட்டிய பணத்தை அத்தனை பங்காக்கி, ஒரு பங்குக்கு மட்டும் முழு விகிதம் தருவது பந்தய உலகத்தின் மரபு. இத்தகைய ஐவர் சமநிலைக்கு அதைப் பொருத்திப் பார்ப்போம். ஒன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில் ஓர் அணியின் மேல் ஐந்து பவுண்டு கட்டியவருக்கு நான்கு பவுண்டு போய்விடும். மிச்ச ஒரு பவுண்டுக்கு இலாபம் நான்கும் முதல் ஒன்றுமாக ஐந்து பவுண்டு திரும்பும். போட்டது போட்டபடி. எல்லாரும் விரும்பும் அணி என்பதால் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஐந்து பவுண்டு கட்டியவருக்கு இரண்டுதான் மிஞ்சும். ஒருவரும் மதிக்காத அணியை ஒன்றுக்குப் பத்து என்ற விகிதத்தில் நம்பியவருக்குப் பதினொரு பவுண்டு! தன் அணி சாம்பியன் என்று ஆடிப் பாடிக்கொண்டே நஷ்டக் கணக்கும் எழுத வேண்டிய நிலை, பணம் கட்டியவர்களுக்கு மட்டுமே வாய்ப்பது.

6

1988இல் வேல்ஸும் பிரான்ஸும் பகிர்ந்துகொண்டதே கடைசிப் பொதுப் பட்டம். 1993இல் கோப்பை வந்தது. அடுத்த ஆண்டு சமநிலையை உடைக்க விதி வந்தது. புள்ளிகள் சமமானால், அடித்ததற்கும் விட்டுக்கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் யாருக்கு அதிகமோ அவரே சாம்பியன்.

விதி வந்த முதல் ஆண்டே வேடிக்கை காட்டிற்று. 1994இன் கடைசி நாளில் டிவிக்கனம் மைதானத்தில் இங்கிலாந்து வேல்ஸை 15-8 என்று வென்றது. இரு அணிகளும் புள்ளியில் சமம். வித்தியாசக் கணக்கில் வேல்ஸ் முன்னே நின்றது. தோற்ற அணி எதிரியின் மைதானத்திலேயே கோப்பையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியது.

அதே விதியை 1973க்குப் பொருத்திப் பார்க்கும் ஆசை நமக்கு எழுந்தது. பத்து ஆட்டங்களின் எண்களையும் கூட்டிக் கழித்தோம். வேல்ஸுக்கு 53 அடித்து 43 விட்ட வகையில் 10 மிகுதி. அயர்லாந்துக்கும் பிரான்ஸுக்கும் 2 மிகுதி. ஸ்காட்லாந்துக்கு 4 குறைவு, இங்கிலாந்துக்கு 10 குறைவு. அதாவது வேல்ஸ் சாம்பியன். டப்ளினுக்கு அஞ்சாமல் வந்த இங்கிலாந்துக்கு மரக்கரண்டி. கணக்கில் பிழையில்லை. ஆயினும் அந்த ஆண்டை அறிந்த எவரும் இந்த விடையை அந்த ஆண்டின் உண்மை என்று ஒப்புவாரா?

1995 ஆகஸ்டில் பாரிசில் கூடிய சர்வதேசக் கழகம் அமெச்சூர் விதியை நீக்கியது. ஹட்டர்ஸ்ஃபீல்டு பிரிவினைக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, ஆட்டக்காரர்கள் வெளிப்படையாகச் சம்பளம் வாங்கலாயினர். நாம் இதைக் குறை சொல்லவில்லை. ஆறு ஷில்லிங்கை மறுத்த அநீதிக்கு அது காலம் கடந்த பரிகாரம்.

1999இல் பழைய ஐந்து நாடுகளின் கடைசிச் சாம்பியன்ஷிப். ஏப்ரல் 10 அன்று ஸ்காட்லாந்து பாரிசில் 36-22 என்று வென்று தன் வேலையை முடித்துக்கொண்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, இலண்டன் வெம்ப்ளியில் வேல்ஸை வென்றால் இங்கிலாந்துக்குக் கிராண்ட் ஸ்லாம். (கார்டிஃபில் புதிய மைதானம் எழும்பிக்கொண்டிருந்ததால் வேல்ஸ் வெம்ப்ளியைச் சொந்த மண்ணாகக் கொண்டிருந்தது.) ஆட்டத்தின் இறுதி வேளையில் இங்கிலாந்து 31-25 என்று முன்னிலை. கிடைத்த பெனால்டியைக் கம்பத்துக்கு உதைத்து மூன்று புள்ளி சேர்க்காமல், மூலைக்கு உதைத்து டிரைக்குப் போனது. டிரை வரவில்லை. சற்றைக்கெல்லாம் ஸ்காட் கிப்ஸ் எதிரிகளைத் துளைத்துக்கொண்டு ஓடி டிரை அடித்தார், 31-30. நீல் ஜென்கின்ஸ் கன்வர்ஷனை உதைத்தார், 32-31. அன்று மைதானத்தில் இல்லாத ஸ்காட்லாந்து, புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன் ஆயிற்று.

அடுத்த ஆண்டு பிப்ரவரி 5 அன்று அந்தச் சாம்பியன்கள் ரோமாபுரிக்குப் போய், சாம்பியன்ஷிப்பில் தன் முதல் ஆட்டத்தை ஆடிய இத்தாலியிடம் 34-20 என்று தோற்றார்கள். பந்தயம் பிழைத்திருப்பதே இத்தகைய நாட்களால்தான் என்று ஒரு வாதம் உண்டு. எதிர்பாராதது நடக்கும் என்ற நம்பிக்கையை அது விற்கிறது.

ஆனால் 2015 மார்ச் 21 அன்று நடந்ததுதான் நம்மை அதிகம் யோசிக்க வைக்கிறது. மூன்று அணிகள் புள்ளியில் சமமாக நின்ற கடைசி நாள். வேல்ஸ் ரோமில் 61-20 என்று வென்றது. பின்னர் அயர்லாந்து எடின்பரோவில் 40-10 என்று வென்றது. இறுதியாக இங்கிலாந்து பிரான்ஸோடு. வென்றால் போதாது, 26 புள்ளி வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். 55-35 என்று வென்றார்கள். வித்தியாசம் 20. ஆறு புள்ளி போதவில்லை, அயர்லாந்து சாம்பியன். அன்றைய ஆட்டங்களைப் பார்த்தவர்கள் அதுபோல் ஒரு நாள் வந்ததில்லை என்கிறார்கள், அதில் மிகையில்லை. என்றாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்து அன்று பிரான்ஸை மட்டும் எதிர்த்து ஆடவில்லை, ஒரு ஹேண்டிகாப்பையும் எதிர்த்து ஆடியது. கடையில் சீட்டு வாங்கியவன் எந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு ஆட்டம் பார்ப்பானோ, அதே கணக்கைப் பதினைந்து ஆட்டக்காரர்களும் மைதானத்தில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். 1994ஆம் ஆண்டின் விதியைப் புக்கிகள் எழுதவில்லை. ஆனால் ஒரே விடை வேண்டும் என்ற அவர்களுடைய ஆசையும் சாம்பியன்ஷிப்பின் ஆசையும் அன்று ஒன்றாகிவிட்டன.

7

அதன் பிறகு நடந்தவை வேகமாக நடந்தவை. 2000இல் பெட்ஃபேர் வந்தபின் புக்கி இல்லாமலே ஒருவர் மற்றொருவரோடு பந்தயம் கட்டலாம் என்றாயிற்று. 2007 செப்டம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்த பிரிட்டனின் புதிய சூதாட்டச் சட்டம், பந்தயக் கடனை நீதிமன்றத்தில் வசூலிக்கத்தக்க ஒப்பந்தமாக்கியது. 1845இன் மானக் கடன் மறைந்தது. பிரான்ஸ் 2010இல் இணையப் பந்தயத்துக்கு உரிமம் வழங்கியது. சீட்டும் தோல் பையும் போய்க் கைப்பேசி வந்தது. ஆட்டம் நடக்கும்போதே அடுத்த டிரை யாருடையது என்று பணம் கட்டலாம். மாலையில் சாத்தும் கடைக்கதவு, பையில் இருக்கும் சில்லறை, எதிரே நிற்கும் மனிதரின் முகம் ஆகிய மூன்று தடைகளும் நீங்கின.

அழிவது யார் என்று நமக்குத் தெரியாததல்ல. வள்ளுவர் கள்ளுண்ணாமையை அடுத்துச் சூதையும், சூதை அடுத்து மருந்தையும் வைத்தார். அந்த வரிசை தற்செயலா என்று அறிஞர்கள் முடிவு செய்யட்டும். 2018 வரை வங்கிகளின் பெயரைத் தாங்கிய இந்தச் சாம்பியன்ஷிப், 2019 முதல் கின்னஸ் பியரின் பெயரைத் தாங்கத் தொடங்கியது என்பதையும் போகிற போக்கில் குறிப்பிடுகிறோம்.

2020 ஏப்ரலில் பிரிட்டன் கடன் அட்டையால் பந்தயம் கட்டுவதைத் தடை செய்தது. இதை 1853ஆம் ஆண்டின் சட்டத்தின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அன்று கடனுக்குக் கட்டுவது கனவானின் உரிமை, ரொக்கம் கொடுப்பது ஏழையின் குற்றம். இன்று கடன் எல்லாருடைய சட்டைப் பையிலும் வந்துவிட்டது. வந்தபின்தான் அது ஆபத்து என்று சட்டத்துக்குத் தெரிகிறது.

ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் நடுவர்களும் ரக்பியில் பந்தயம் கட்டக்கூடாது என்று உலக ரக்பிக் கழகத்தின் விதி கண்டிப்பாகத் தடுக்கிறது. ஆட்டத்தின் முடிவை விற்பது கடினம். அதன் ஒரு துளியை விற்பது எளிது என்பதைக் கிரிக்கெட் 2010இல் லார்ட்ஸ் மைதானத்தில் சொல்லிவைத்து வீசப்பட்ட நோபால்களால் கற்றுக்கொண்டது. அந்தப் பாடம் எல்லா ஆட்டங்களுக்கும் பொது.

பந்தயம் இல்லாத பழைய காலம் பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. அது கூலிக்காரனை வெளியே தள்ளிய காலம். ஒரே பந்தயத்துக்கு இரண்டு நீதி வைத்த காலம். ஆனால் அந்தக் காலத்துக்கு ஒரு ஞானம் இருந்தது. சில போட்டிகளுக்கு ஒரே விடை இல்லை, இல்லாமலிருப்பதால் குறைவும் இல்லை என்பதே அது. 1973இல் ஐந்து நாடுகள் ஒரே பட்டத்தைச் சூடிக்கொண்டபோது உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

கல்கத்தா கோப்பையின் மூலப்பிரதி இன்று நலிந்த நிலையில், டிவிக்கனம் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. இதை எந்த நாடும் நிரந்தரமாக வென்றுவிட முடியாது. ஆட்டம் சமனில் முடிந்தால், வைத்திருப்பவரிடமே இன்னும் ஓராண்டு இருக்கும். 270 ரூபாயை வங்கியிலிருந்து எடுத்தவர்கள் விரும்பியிருந்தால் அதைப் பங்கு பிரித்துக்கொண்டிருக்கலாம். பெரிய விருந்து ஒன்று வைத்துக் குடித்துத் தீர்த்திருக்கலாம். ஏதேனும் ஒரு குதிரையின் மேல் கட்டியும் இருக்கலாம். அவர்கள் அதை உருக்கினார்கள். அந்தப் பணத்தை மட்டும் இதுவரை ஒருவரும் தோற்கவில்லை.